ஏப்ரலின் நம்பிக்கையும் ஜனவரியின் கணக்கும்

அமெரிக்கக் கால்பந்தில் புதுமுக வீரர்கள் களமிறங்குவதற்கு நான்கு மாதங்கள் முன்பே அவர்களைப் பற்றிய தீர்ப்புகள் எழுதப்பட்டுவிடுகின்றன. 2023-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அணி தேர்ந்தெடுத்த எட்டு இளைஞர்களின் வரலாறு, அந்த முதல்நாள் நம்பிக்கைக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதைக் காட்டுகிறது.

மிச்சிகன் மாநிலத்தின் ஆலன் பார்க்கில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் பயிற்சித் திடல் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் ஒரு வார இறுதியில், இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுள்ள இளைஞர்கள் அங்கே தலைக்கவசமும் அரைக்கால்சட்டையுமாக வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் தோள்களில் காப்புப் பட்டைகள் இல்லை. பந்தை வைத்திருப்பவரைப் பிடித்துத் தரையில் சாய்க்கும் ‘டேக்கிள்’ என்னும் செயலே இந்த ஆட்டத்தின் உயிர்நிலை என்றாலும், அந்த நாட்களில் அதற்கு அனுமதி கிடையாது. பந்து பறந்து வருகிறது, ஓர் இளைஞர் திரும்பி அதைப் பற்றுகிறார், யாரும் தடுக்காத வெற்றுவெளியில் ஓடுகிறார், பயிற்சியாளர் கைதட்டுகிறார். வேலிக்கு அப்பால் நிற்கும் ஒளிப்படக் கருவிகள் அந்தச் சில நொடிகளைப் பதிவு செய்கின்றன. மாலைக்குள் அந்தக் காட்சி நகரம் முழுவதும் பரவி, அணியின் எதிர்காலம் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது.

புதுமுகங்களுக்கான இந்தச் சிறு முகாமில் ஒரு முரண் இருக்கிறது. ஒரு வீரரைப் பற்றிய சான்றுகள் மிகக் குறைவாக உள்ள வேளையும், அவரைப் பற்றிய நம்பிக்கை உச்சத்தில் நிற்கும் வேளையும் இங்கே ஒன்றாகவே அமைகின்றன. இதை ரசிகர்களின் பேதைமை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் அந்த நம்பிக்கை எதன்மீது வைக்கப்படுகிறது என்று ஆராய்ந்தால், அதில் ஒரு பகுதி வெறும் ஆசையாகவும் மற்றொரு பகுதி தக்க காரணம் உடையதாகவும் இருப்பது புலப்படும். இளைஞரின் பெயர்மீது மட்டும் வைத்த நம்பிக்கை பெரும்பாலும் உதிர்ந்துபோகிறது. அவருக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, கற்றுக்கொடுத்து, காத்திருக்கத் தெரிந்த அணியின்மீது வைத்த நம்பிக்கையே நிலைக்கிறது.

பெட்டிச் செய்தி: தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

• அமெரிக்கக் கால்பந்து: நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். ஒவ்வோர் அணியிலும் ஒரே நேரத்தில் 11 பேர் ஆடுவர். தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் தனித்தனி வீரர்கள்.
• என்.எஃப்.எல்.: 32 அணிகள் கொண்ட தொழில்முறைக் கூட்டமைப்பு.
• டிராஃப்ட்: கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர நிகழ்வு. ஏழு சுற்றுகள், மூன்று நாட்கள்.
• ரூக்கி: தொழில்முறை ஆட்டத்தில் முதல் ஆண்டில் இருக்கும் வீரர்.
• குவார்ட்டர்பேக்: தாக்குதலை வழிநடத்தி, பந்தை எறிபவர்.
• ரன்னிங் பேக்: பந்தைச் சுமந்து ஓடுபவர்.
• டைட் எண்ட்: எதிரியைத் தடுக்கும் வேலையையும் பந்தைப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்பவர்.
• லைன்பேக்கர்: தற்காப்பின் நடு வரிசையில் நின்று ஓட்டத்தையும் எறிதலையும் தடுப்பவர்.
• டச் டவுன்: எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தல், ஆறு புள்ளிகள்.

கடைசியில் நின்றவர்க்கு முதல் வாய்ப்பு

இந்தியாவில் ஐ.பி.எல். ஏலத்தைக் கண்டு பழகியவர்களுக்கு டிராஃப்ட் முறை வியப்பளிக்கலாம். ஏலத்தில் அதிக விலை கேட்பவருக்கு வீரர் கிடைக்கிறார். டிராஃப்டில் விலை என்ற பேச்சே இல்லை. முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணி முதலாவதாகவும், வாகை சூடிய அணி இறுதியாகவும் தேர்ந்தெடுக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர் அந்த அணியோடு மட்டுமே ஒப்பந்தம் பேச முடியும். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல், செல்வமும் புகழும் உள்ள சில அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொள்வதைத் தடுக்க 1935-இல் இதை முன்மொழிந்தார். 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் ஒரு விடுதியில் ஒன்பது அணிகள் கூடி முதல் தேர்வை நடத்தின. முதலாவதாக அறிவிக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழக வீரர் ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட விளையாடவில்லை. தேர்வுக்கும் பயனுக்கும் இடையிலான தூரம் அந்த முதல் பெயரிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

ஒரு விடுதி அறையில் தொடங்கிய இந்த நிகழ்வு இன்று நகரத் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் டெட்ராய்ட் நகரமே அதை நடத்தியபோது மூன்று நாட்களில் 7,75,000-க்கும் மேற்பட்டோர் கூடினர். அதுவரை எந்த டிராஃப்டும் அத்தனை கூட்டத்தைக் கண்டதில்லை. ஆட்டம் எதுவும் நடக்காத, பெயர்கள் மட்டுமே வாசிக்கப்படும் நிகழ்வுக்கு இவ்வளவு பேர் திரள்வதற்குக் காரணம், தோற்றவர்க்கும் ஒரு நாளை உண்டு என்று இந்த முறை அளிக்கும் உறுதிமொழியே.

பெயர்களை நம்பிய காலம்

அந்த உறுதிமொழியை டெட்ராய்ட்டைப் போல நெடுங்காலம் பற்றிக்கொண்டிருந்த நகரங்கள் குறைவு. லயன்ஸ் கடைசியாகப் பட்டம் வென்றது 1957-இல். அதற்குப் பின்னர், 1992 ஜனவரியில் டாலஸ் அணியை வென்ற ஓர் ஆட்டம் நீங்கலாக, வெளியேற்றச் சுற்றுகளில் 2023 வரை அதற்கு வெற்றியே கிட்டவில்லை. 2008-இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. இத்தனைக்கும் இந்த அணிக்குச் சிறந்த வீரர்கள் கிடைக்காமல் இல்லை. 1989-இல் தேர்வான பேரி சாண்டர்ஸும் 2007-இல் தேர்வான கால்வின் ஜான்சனும் ஆட்ட வரலாற்றின் உச்சத்தில் வைக்கப்படுபவர்கள். இருவருமே உடலில் ஆட்டம் மிச்சமிருந்தபோதே ஓய்வு பெற்றார்கள் என்பது, தனிமனிதத் திறமையால் மட்டும் ஓர் அணி எழுந்துவிடாது என்பதற்குச் சான்று.

2003 முதல் 2005 வரையிலான மூன்று தேர்வுகளும் இதே பாடத்தை வேறு வகையில் கற்பித்தன. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லயன்ஸ் தன் முதல் சுற்று வாய்ப்பை, பந்தைப் பிடிக்கும் ரிசீவர் என்ற ஒரே வகை வீரர்க்கே செலவிட்டது. இரண்டாம் இடத்தில் சார்ல்ஸ் ராஜர்ஸ், ஏழாம் இடத்தில் ராய் வில்லியம்ஸ், பத்தாம் இடத்தில் மைக் வில்லியம்ஸ். மிச்சிகன் மண்ணிலேயே பிறந்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே புகழ்பெற்ற ராஜர்ஸ்மீது வைக்கப்பட்ட நம்பிக்கை பெரிது. முதல் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் அவருடைய காறை எலும்பு முறிந்தது. தொழில்முறை வாழ்வு 15 ஆட்டங்களோடு முடிந்தது. அவரை அடுத்து மூன்றாம் இடத்தில் ஹூஸ்டன் எடுத்த ஆண்ட்ரே ஜான்சனும், மைக் வில்லியம்ஸை அடுத்து டாலஸ் எடுத்த டிமார்கஸ் வேரும் பின்னாளில் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ என்னும் புகழவையில் இடம்பெற்றனர். ஆனால் இதைத் தவறான பெயரைச் சொன்ன பிழையாக மட்டும் பார்ப்பது போதாது. எறிபவருக்குப் பாதுகாப்பு அரணோ, உறுதியான தற்காப்போ இல்லாத அணியில் பந்தைப் பிடிப்பவர்களை அடுக்கிக்கொண்டே போனது, அடித்தளம் போடாமல் சாளரங்களுக்கு அழகு பார்த்த வேலை. அந்த இளைஞர்கள் வந்து சேர்ந்த வீட்டுக்குச் சுவர்களே இல்லை.

பன்னிரண்டாம் இடத்தில் எழுந்த முணுமுணுப்பு

2021 ஜனவரியில் பொது மேலாளராக பிராட் ஹோம்ஸும் தலைமைப் பயிற்சியாளராக டான் காம்ப்பெல்லும் பொறுப்பேற்றனர். பல ஆண்டுகளாக அணியின் முகமாக இருந்த குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் அணிக்கு அனுப்பி, ஈடாக குவார்ட்டர்பேக் ஜேரட் காஃபையும், எதிர்கால முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டையும், மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும் பெற்றனர். முதல் ஆண்டில் மூன்று வெற்றிகள் மட்டுமே கிட்டின. இரண்டாம் ஆண்டு ஒரு வெற்றி, ஆறு தோல்விகள் என்று தொடங்கி ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி என்று முடிந்தது. மாற்றத்துக்கான அறிகுறி தெரிந்த அந்த நிலையில்தான் 2023 ஏப்ரல் 27 அன்று கான்சஸ் சிட்டியில் டிராஃப்ட் தொடங்கியது.

ராம்ஸ் வழியாக வந்த ஆறாம் இடம் லயன்ஸ் கையில் இருந்தது. அந்த இடத்தையும் 81-ஆம் இடத்தையும் அரிசோனாவுக்குக் கொடுத்து, 12, 34, 168 ஆகிய இடங்களை அது பெற்றுக்கொண்டது. டாலஸ் அணி 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய மதிப்பட்டவணை ஒன்று இத்தகைய பரிமாற்றங்களுக்கு அளவுகோலாக இன்றும் பேசப்படுகிறது. முதல் இடத்துக்கு 3,000 புள்ளிகள் என்று தொடங்கி ஒவ்வோர் இடத்துக்கும் அது ஒரு மதிப்பைத் தருகிறது. அதன்படி ஆறாம் இடத்துக்கு 1,600, 81-ஆம் இடத்துக்கு 185. பன்னிரண்டாம் இடத்துக்கு 1,200, 34-ஆம் இடத்துக்கு 560. எஞ்சிய சிறு வேறுபாட்டை 168-ஆம் இடம் நிரப்புகிறது. கணக்கில் இரு தட்டுகளும் சமம். முணுமுணுப்பு எழுந்தது பரிமாற்றத்தின்மீது அன்று, அதை வைத்து அணி என்ன செய்தது என்பதன்மீதுதான்.

பன்னிரண்டாம் இடத்தில் லயன்ஸ் அலபாமாவின் ரன்னிங் பேக் ஜமீர் கிப்ஸையும், பதினெட்டாம் இடத்தில் அயோவாவின் லைன்பேக்கர் ஜேக் காம்ப்பெல்லையும் எடுத்தது. இந்த இரண்டு வகை வீரர்களும் பிற்சுற்றுகளிலேயே மலிவாகக் கிடைப்பார்கள், எனவே அவர்களுக்கு முதல் சுற்று வாய்ப்பைச் செலவிடுவது வீண் என்பது நெடுநாளாக வலுத்துவரும் கோட்பாடு. இதை ‘இடமதிப்பு’க் கோட்பாடு எனலாம். தேர்வு முடிந்த கையோடு ஒவ்வோர் அணிக்கும் மதிப்பெண் போடும் விமர்சகர்கள் பலர், இந்தக் கோட்பாட்டை அளவுகோலாக வைத்து லயன்ஸைக் கடுமையாகக் குறைகூறினர்.

அவர்களுடைய கோட்பாடு பொருளற்றதன்று. ஆயினும் அது, எந்த வகை வீரர் சந்தையில் அரியவர் என்ற வினாவுக்கு விடை சொல்கிறதே தவிர, இந்த அணிக்கு எந்த வீரர் தேவை என்ற வினாவுக்குச் சொல்வதில்லை. மேலும், முதல்நாள் மதிப்பீட்டின் துல்லியம் எவ்வளவு என்பதைப் பொருளியல் அறிஞர்கள் கேட் மாசியும், பின்னர் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே வகை வீரர்களில் முதலில் எடுக்கப்பட்டவர் அடுத்ததாக எடுக்கப்பட்டவரை விடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது என்பது அவர்களுடைய ஆய்வின் முடிவு. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதை விட அது பெரிதாக மேம்பட்டதன்று. இது தேர்வாளர்களின் அறியாமையைக் காட்டவில்லை. இளைஞர் ஒருவரின் எதிர்காலம் அவருடைய கடந்த காலத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை என்பதையே காட்டுகிறது.

பெட்டிச் செய்தி: டெட்ராய்ட் 2023, எட்டுப் பேர்

• 12: ஜமீர் கிப்ஸ், ரன்னிங் பேக், அலபாமா
• 18: ஜேக் காம்ப்பெல், லைன்பேக்கர், அயோவா
• 34: சாம் லபோர்ட்டா, டைட் எண்ட், அயோவா
• 45: பிரையன் பிராஞ்ச், பின்வரிசைத் தற்காப்பு, அலபாமா
• 68: ஹென்டன் ஹுக்கர், குவார்ட்டர்பேக், டென்னசி
• 96: பிராட்ரிக் மார்ட்டின், தற்காப்பு முன்வரிசை, வெஸ்டர்ன் கென்டக்கி
• 152: கோல்பி சார்ஸ்டல், தாக்குதல் முன்வரிசை, வில்லியம் அண்ட் மேரி
• 219: ஆன்ட்வான் கிரீன், ரிசீவர், நார்த் கரோலினா

காலியிடம் காத்திருந்தது

2023 செப்டம்பர் 7 அன்று பருவத்தின் முதல் ஆட்டத்தில், நடப்பு வாகையரான கான்சஸ் சிட்டி சீஃப்ஸை அவர்கள் மண்ணிலேயே லயன்ஸ் எதிர்கொண்டது. மூன்றாவது கால்பகுதியில் லயன்ஸ் 7-14 எனப் பின்தங்கியிருந்தபோது, சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் எறிந்த பந்து அவருடைய ரிசீவரின் கைகளில் பட்டு எகிறியது. பிராஞ்ச் அதைக் காற்றிலேயே பற்றி, 50 யார்டு ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். தொழில்முறையில் அது அவருடைய முதல் ஆட்டம். லயன்ஸ் 21-20 என்று வென்றது. மே மாதத்தில் யாரும் தடுக்காத வெளியில் ஓடிய கால்கள், தடுப்பதற்கென்றே பதினோரு பேர் இருந்த வெளியிலும் ஓடின என்பதை நகரம் அன்று கண்டது.

அந்த ஓட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தொடர்ந்து வந்தவற்றுக்கு அணியின் ஏற்பாடே காரணம். அயோவாவிலிருந்து முன்பு வந்த டைட் எண்ட் டி.ஜே. ஹாக்கன்சனை 2022 நவம்பரில் மினசோட்டாவுக்கு அனுப்பியதால் அவருடைய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே அதே பல்கலைக்கழகத்தின் லபோர்ட்டா வந்து நின்றார். முதல் ஆண்டிலேயே 86 பந்துகளைப் பிடித்து, டைட் எண்ட் புதுமுகங்களுக்கென 1988-இலிருந்து கீத் ஜாக்சன் பெயரில் இருந்த 81 என்ற சாதனையை முறியடித்தார். ரன்னிங் பேக்குகளுள் ஜமால் வில்லியம்ஸ் விலகியிருந்தார். டிஆண்ட்ரே ஸ்விஃப்ட் டிராஃப்டின் மூன்றாம் நாளிலேயே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். கிப்ஸுக்கான வழி இவ்வாறு திறக்கப்பட்டது. ஆனால் முழுச் சுமையையும் அவர் தோளில் ஏற்றாமல், அனுபவமுள்ள டேவிட் மான்ட்கமரியைத் துணை சேர்த்து அணி அவரைப் படிப்படியாகப் பழக்கியது. முதல் ஆட்டத்தில் ஏழு முறை மட்டுமே பந்து கொடுக்கப்பட்ட கிப்ஸ், அக்டோபர் 30 அன்று லாஸ் வேகஸ் அணிக்கு எதிராக 152 யார்டு ஓடினார். பருவ முடிவில் அவர் கணக்கில் 945 யார்டுகள் இருந்தன.

அந்தப் பருவத்தில் லயன்ஸ் 12 வெற்றிகளோடு, 1993-க்குப் பிறகு முதன்முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 2024 ஜனவரி 14 அன்று, ஃபோர்டு ஃபீல்டு உள்ளரங்கில், பழைய நாயகன் ஸ்டாஃபோர்டு எதிரணிக்குத் தலைமை தாங்கி வந்த வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், 24-23 என்ற கணக்கில் 32 ஆண்டுக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. அன்று லயன்ஸ் அடித்த மூன்று டச் டவுன்களில் இரண்டு, கிப்ஸும் லபோர்ட்டாவும் சேர்த்தவை. லபோர்ட்டாவின் முழங்கால் அதற்கு முந்தைய வாரம்தான் காயம் பட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சான் பிரான்சிஸ்கோ அணியோடு நடந்த, சூப்பர் பவுல் என்னும் பட்ட ஆட்டத்துக்கு முந்தைய மாநாட்டு இறுதி ஆட்டத்தில், பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னிலை பெற்றிருந்த அணி 31-34 என்று தோற்றது. இரண்டாம் பாதியில் காஃபிடமிருந்து கிப்ஸுக்குப் பந்து கைமாறிய வேளையில் அது நழுவி எதிரணிக்குப் போனது, அந்தச் சரிவின் ஒரு கண்ணி. முதல் பாதியில் டச் டவுன் அடித்த அதே இளைஞர்தான் இரண்டாம் பாதியில் பந்தையும் நழுவவிட்டார். புதுமுகங்களை நம்புவது என்றால் இந்த இரண்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்வதாகும்.

ஜேக் காம்ப்பெல்லின் வளர்ச்சி இன்னும் மெதுவானது. முதல் ஆண்டில் 95 டேக்கிள்களோடு அவர் பெரிதாகப் பேசப்படாமல் இருந்தார். தேர்வைக் குறைகூறியவர்களுக்கு அது வலுச்சேர்த்தது. இரண்டாம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 131 ஆயிற்று, தற்காப்பின் நடுவே அவர் தூணாக நின்றார். அதே 2024-இல் கிப்ஸ் 1,412 யார்டு ஓடி, மொத்தம் 20 டச் டவுன்கள் சேர்க்க, அணி 15 ஆட்டங்களில் வென்றது. முதல் ஆண்டோடு கணக்கை மூடியிருந்தால், காம்ப்பெல்லின் பெயர் தவறான பத்தியில் எழுதப்பட்டிருக்கும்.

எட்டில் நான்கு

கொண்டாட்டத்தின் ஒளியில் மறைந்துபோவது பட்டியலின் மறுபாதி. ஹுக்கர் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் முழங்கால் தசைநார் அறுந்த நிலையில் தேர்வானவர். முதல் ஆண்டு குணமடைவதிலேயே கழிந்தது. அடுத்த ஆண்டும் காஃபுக்கு மாற்றாகச் சில வேளைகளில் இறங்கியதோடு சரி, ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கவில்லை. மார்ட்டின், சார்ஸ்டல், கிரீன் மூவருமே அணியில் நிலையான இடம் பிடிக்கவில்லை. அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த தேர்வுகளுள் ஒன்று என்று போற்றப்படும் இந்த வகுப்பிலும் எட்டுப் பேரில் நால்வர்தான் தூண்கள் ஆயினர். மே மாதப் படங்களில் எட்டு முகங்களும் ஒரே பொலிவோடு இருந்தன என்பதை எண்ணும்போது, அந்தப் பாதியின் மௌனம் கனக்கிறது.

டிராஃப்டில் பெயர் வராமல், தனி ஒப்பந்தத்தில் முகாமுக்கு வருவோரின் நிலை இதை விட நிலையற்றது. கோடைக்காலம் முழுவதும் ஓர் அணியில் 90 பேர் வரை இருக்கலாம். ஆகஸ்ட் இறுதிக்குள் அது 53-ஆகக் குறைய வேண்டும். 32 அணிகளையும் கூட்டினால், ஏறத்தாழ 1,200 இளைஞர்கள் சில நாட்களுக்குள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள். அவர்களுள் ஓர் அணிக்குப் 16 பேர் வரை பயிற்சிக் குழுவில் தங்கலாம். ஏனையோர் அலமாரியைக் காலி செய்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். ஒரு வகுப்பின்மீது எல்லையற்ற நம்பிக்கை வைக்கும்போது, அதற்குள் இருப்பவர்கள் சூதாட்டச் சீட்டுகள் அல்லர், உடலையே முதலாக வைத்து வந்திருக்கும் இளைஞர்கள் என்ற நினைவும் உடன்வர வேண்டும்.

அதே இரவு, வேறு இரண்டு நகரங்கள்

டெட்ராய்ட் முணுமுணுப்பைச் சந்தித்த அதே இரவில் பெருங்கொண்டாட்டத்தோடு தொடங்கியது கரோலினா பேந்தர்ஸ். முதல் இடத்தைப் பெறுவதற்காக அந்த அணி ஒன்பதாம் இடத்தையும் 61-ஆம் இடத்தையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும், 2025-இன் இரண்டாம் சுற்று வாய்ப்பையும், தன் சிறந்த ரிசீவர் டி.ஜே. மூரையும் சிகாகோவுக்குக் கொடுத்திருந்தது. அவ்வாறு பெற்ற இடத்தில் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தது. அவர் எறியும் பந்தைப் பிடிக்க இருந்தவரையே விலையாகக் கொடுத்துவிட்டு, எறிபவரை அழைத்து வந்த கதை அது. அணி இரண்டே ஆட்டங்களில் வென்று, 15-இல் தோற்றது. பருவம் முடியும் முன்பே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். கரோலினா கொடுத்த அடுத்த ஆண்டு வாய்ப்பு, அந்தத் தோல்விகளாலேயே 2024-இன் முதல் இடமாக உயர்ந்து, சிகாகோவின் கைக்குப் போனது.

இரண்டாம் இடத்தில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடையும், மூன்றாம் இடத்துக்கு உயர்ந்து தற்காப்பு வீரர் வில் ஆண்டர்சனையும் எடுத்தது. ஆண்டின் சிறந்த தாக்குதல் புதுமுகம், சிறந்த தற்காப்புப் புதுமுகம் ஆகிய இரண்டு விருதுகளும் ஹூஸ்டனுக்கே வந்தன. முந்தைய ஆண்டில் மூன்று வெற்றி மட்டுமே பெற்ற அணி பத்து வெற்றிகளை எட்டியது. யங்குக்கும் ஸ்ட்ரவுடுக்கும் இடையே திறமையில் இவ்வளவு இடைவெளி இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 2024-இன் தொடக்கத்தில் ஓரங்கட்டப்பட்ட யங், மீண்டும் வாய்ப்புப் பெற்றபோது தெளிவான முன்னேற்றம் காட்டினார். விதை ஒன்றானாலும் விளைச்சல் நிலத்தைப் பொறுத்தது என்ற உழவர் அறிவு இங்கும் செல்லும்.

பெட்டிச் செய்தி: முதல்நாள் மதிப்பும் பின்னாள் உண்மையும்

• 1974: பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒரே தேர்வில் எடுத்த லின் ஸ்வான், ஜேக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், மைக் வெப்ஸ்டர் ஆகிய நால்வரும் புகழவையில் இடம்பெற்றனர்.
• 1998: முதல் இடத்தில் பேய்ட்டன் மேனிங், இரண்டாம் இடத்தில் ரயன் லீஃப். இருவரில் யார் மேல் என்று அன்று விவாதம் நடந்தது. மேனிங் வரலாறானார், லீஃப் விரைவில் ஆட்டத்தை விட்டு விலகினார்.
• 2000: டாம் பிரேடி ஆறாம் சுற்றில், 199-ஆம் இடத்தில் தேர்வானார், ஏழு சூப்பர் பவுல் பட்டங்களை வென்றார்.
• 2012: குறைகூறப்பட்ட சியாட்டில் தேர்வில் 47-ஆம் இடத்தில் பாபி வாக்னரும், 75-ஆம் இடத்தில் ரசல் வில்சனும் வந்தனர், இரண்டே பருவங்களில் சியாட்டில் பட்டம் வென்றது.
• 2022: பிராக் பர்டி, அந்த ஆண்டின் கடைசித் தேர்வு, 262-ஆம் இடம், அடுத்த ஆண்டே தன் அணியைச் சூப்பர் பவுலுக்கு அழைத்துச் சென்றார்.

வெற்றியின் விலை

புதுமுகங்கள்மீதான ஆர்வத்துக்குப் பணம் சார்ந்த காரணமும் உண்டு. 2010-இல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபர்டின் ஆறாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 7.8 கோடி டாலர். 2011-இல் வந்த புதிய ஊதிய விதிகள் அதைக் கட்டுப்படுத்தியதால், அடுத்த முதல் தேர்வான கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 2.2 கோடி டாலரில் அடங்கியது. ஒவ்வோர் அணியின் மொத்த ஊதியத்துக்கும் உச்சவரம்பு உள்ள இந்த அமைப்பில், தேர்வான இடத்துக்கேற்ப முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஊதியத்தில் ஆடும் நல்ல புதுமுகம் நான்கு ஆண்டுகளுக்குக் கிடைத்த அரிய சேமிப்பு. அந்தச் சேமிப்பை வைத்துத்தான் அணியின் பிற பகுதிகள் கட்டப்படுகின்றன.

ஆனால் அந்தக் காலவரம்பு முடியும்போது கணக்கு திரும்புகிறது. 2021 தேர்வில் வந்த பெனே சூவலுக்கும் அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்கும் 2024 ஏப்ரலில் லயன்ஸ் பெருந்தொகை ஒப்பந்தங்களை வழங்கியது. அடுத்த மாதமே காஃபுக்கும் வழங்கியது. வகுப்பு எவ்வளவு வெற்றி பெறுகிறதோ, அதைச் சேர்த்து வைத்திருப்பது அவ்வளவு கடினமாகிறது. எனவே ஒரு நல்ல தேர்வு அணிக்கு நிரந்தர வளத்தைத் தருவதில்லை. முயன்று பயன்படுத்திக்கொள்ள ஒரு காலத்தைத் தருகிறது.

அந்தக் காலத்தைக் குறுக்கும் ஆற்றல் எதிரணிகளுக்கும் உண்டு. 15 வெற்றிகளோடு 2025 ஜனவரி 18 அன்று ஃபோர்டு ஃபீல்டில் இறங்கிய லயன்ஸை வாஷிங்டன் 45-31 என்று வீழ்த்தி வெளியேற்றியது. எதிரணியை வழிநடத்திய ஜேடன் டேனியல்ஸ் 2024-இல் இரண்டாம் இடத்தில் தேர்வான புதுமுகம். அவர் வருவதற்கு முந்தைய ஆண்டில் அந்த அணி நான்கு வெற்றிகள் மட்டுமே பெற்றிருந்தது. ஒரு நகரத்தின் நம்பிக்கையை முடித்துவைத்தது, தோற்றவர்க்கு முன்னுரிமை தரும் அதே முறை மற்றொரு நகரத்துக்கு அளித்த நம்பிக்கைதான்.

எதை நம்புவது?

டெட்ராய்ட்டைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை ஆட்டத்தோடு நிற்பதன்று. 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம் அது. வாகனத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக அகல, 2020-இல் ஏறத்தாழ 6,40,000 பேரே எஞ்சினர். 2013-இல் நகராட்சியே திவால் மனு அளித்தது. அத்தகைய ஊரில், வெளியூர்களிலிருந்து வந்த இருபத்தொரு வயது இளைஞர்கள் அணியின் நீலச் சட்டையை அணிந்து நிற்பதைப் பார்க்கும்போது எழும் மகிழ்ச்சியை, புள்ளிவிவரம் அறியாதவர்களின் மயக்கம் என்று எள்ளுவது அறமாகாது. நம்பாமல் இருக்கக் காரணங்கள் மலிந்த இடத்தில் நம்பிக்கை ஒரு சமூக உழைப்பு.

அந்த உழைப்பு வீணாகாமல் இருக்க வேண்டுமானால், மே மாதத்தில் கேட்கப்படும் கேள்விகள் மாற வேண்டும். இந்த இளைஞர் எத்தனை நொடியில் ஓடுகிறார் என்பதற்குப் பதில், அவர் எந்த இடத்தில் நிற்கப்போகிறார், அந்த இடம் அவருக்காகத் திறக்கப்பட்டிருக்கிறதா, அவர் அருகில் அனுபவமுள்ளவர் யார், பந்தை நழுவவிட்ட மறுவாரமும் அவர் கையில் பந்து கொடுக்கப்படுமா என்று கேட்க வேண்டும். 2003-இல் டெட்ராய்ட்டில் இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கவில்லை, 2023-இல் இருந்தது. இரண்டு காலங்களையும் பிரித்தது அந்த விடைகளே.

அடுத்த மே மாதமும் ஆலன் பார்க்கில் காப்புப் பட்டை இல்லாத இளைஞர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களுள் பாதிப் பேர் நிலைத்தால் அதுவே பெருவெற்றி என்று எட்டுப் பேரின் கணக்கு சொல்கிறது. எந்தப் பாதி என்பதை அந்தத் திடலில் நிற்கும் ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே வேலிக்கு அப்பால் நிற்பவர்கள் செய்யக்கூடிய நேர்மையான செயல், பந்தைப் பிடித்தவருக்கும் தவறவிட்டவருக்கும் சேர்த்தே கைதட்டிவிட்டு, ஜனவரிக்காக மட்டுமன்றி, அதற்கு அடுத்த ஜனவரிக்காகவும் காத்திருப்பதுதான்.